பதினாலாம் எண்ணின் மடிப்பு

அவரை டாக்டர் என்று முதன்முதலில் ஊரறியக் கூப்பிட்டது அவருடைய மச்சான்தான். சலவைக்கூடத்தின் மடிப்புப் பகுதியில், நாற்பது பெண்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, "இவர் டாக்டர். ஆறு வாரம் உங்ககூடவே இருப்பார். என்ன கேட்டாலும் மறைக்காம சொல்லுங்க" என்று அறிமுகம் செய்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் மூன்று பேர் முழங்கால் வலிக்கும் ஒருத்தி நாள்பட்ட இருமலுக்கும் மருந்து கேட்டார்கள்.

தான் அந்த டாக்டர் இல்லை, பண்பாட்டு மானிடவியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன், மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தைக் கூடவே இருந்து கவனித்து எழுதுகிறவன் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப வலிக்கு ஒண்ணும் பண்ண மாட்டீங்க" என்றாள் பெரியக்கா. அங்கே இருபத்திரண்டு வருஷமாக மடிக்கிறவள்; அந்தக் கூடத்தில் நிர்வாகம் நியமிக்காத ஒரே அதிகாரி.

"மாட்டேன்மா."

"பார்த்துக்கிட்டு மட்டும் இருப்பீங்க."

"ஆமா."

"எங்க சூப்பர்வைசரும் அதைத்தான் பண்றாரு. பாவம், அவருக்கு யாரும் பட்டம் தரலை."

அந்தச் சலவைக்கூடத்துக்கு ஏழு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் வரும். ஒரு பக்கம் அழுக்காக நுழைந்து, கொதித்து, சுழன்று, காய்ந்து, தேய்ப்பு உருளையில் புகுந்து புறப்பட்டு, கடைசியில் மடிப்புப் பகுதியின் நீள மேசைகளுக்கு வந்து சேரும். தொப்பியும் முகமூடியும் போட்ட நாற்பது பெண்கள் அவற்றை மடித்து, இருபது இருபதாக அடுக்கி, அடுக்கின் மேல் தேதியும் தங்கள் எண்ணும் போட்ட சீட்டைச் செருகிக் கிடங்குக்கு அனுப்புவார்கள். மற்ற பகுதிகளில் தினமும் ஆள் குறையும். மடிப்புப் பகுதியில் மட்டும் ஒரு வருஷமாக ஒருத்திகூட விடுப்பு எடுக்கவில்லை. மனிதவள மேலாளரான மச்சானுக்கு இது அதிசயமாகப் பட்டது.

"அது என்ன ரகசியம்னு கண்டுபிடிச்சுக் குடுங்க மாப்பிள்ளை. மத்த பகுதிக்கும் போட்டுடலாம்" என்றார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

மாப்பிள்ளையால் முடியாது என்று சொல்ல முடியாது. அவர் எட்டு வருஷம் தற்காலிக விரிவுரையாளராக இருந்த கல்லூரி, மானிடவியல் துறையை மூடிவிட்டு அந்த அறையில் நகல் எடுக்கும் இயந்திரத்தை வைத்துவிட்டது. அதிலிருந்து இரண்டு வருஷமாக அவரும் மனைவியும் மச்சான் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். கல்லூரியில் அவர் நடத்திய பாடம் ஆய்வு நெறிமுறை. "நம்மை நம்பிப் பேசியவருக்கு நம்மால் தீங்கு வரக்கூடாது" என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போடுவார். மூன்றாவது கோடு போட்டால் சாக்பீஸ் உடைந்துவிடும்.

அதனால் வேலையை முறையாகவே தொடங்கினார். மூன்று பக்க ஒப்புதல் படிவத்தை நாற்பது பேருக்கும் கொடுத்தார். பெரியக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்து போட்டா என்ன ஆகும்?"

"உங்க உரிமை பாதுகாக்கப்படும்."

"போடலைன்னா?"

"அப்பவும் பாதுகாக்கப்படும்."

"அப்ப இது யாரைப் பாதுகாக்க?"

டாக்டர் படிவத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் முகம் அவ்வளவு வாடிப் போயிருந்தது.

மூன்று வாரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்தார், எழுதினார். மூன்றாவது வாரக் கடைசியில் அவருக்கு அது கிடைத்தது. நாற்பது பேரும் ஒரே விரிப்பைத்தான் மடிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருத்தியின் கடைசி மடிப்பும் வேறு. பெரியக்கா ஓரத் தையலை வெளியே விட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். இருபத்தேழாம் எண்காரி இடதுகைக்காரி என்பதால் அவள் விரிப்பு மறுபக்கம் வாய் திறந்திருக்கும். பதினாலாம் எண்காரி தையலை உள்ளே தள்ளி, இரண்டு மூலைகளையும் கட்டைவிரலால் நீவி, கழுத்துப் பட்டி போலக் கூர்மையாக்குவாள். கையெழுத்து மாதிரி அது கைமடிப்பு. அடுக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். அந்தப் பெண்களுக்கே இது தெரியாது.

டாக்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினோரு பக்கத்தில், கையால் வரைந்த படங்களோடு, ஓர் அத்தியாயம் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் உருப்படியானது. நெறிமுறையையும் மறக்கவில்லை. யாருடைய பெயரும் வெளியே தெரியக்கூடாது என்று எல்லாப் பெயர்களையும் நீக்கிவிட்டு, எண்களைப் போட்டார். எந்த எண்ணைப் போடுவது என்று ரொம்ப யோசிக்கவில்லை. ஆளுக்கு ஒரு எண் ஏற்கனவே சீட்டில் இருந்தது, அதையே போட்டார். நினைவில் வைத்துக்கொள்ளவும் சுலபமாக இருந்தது.

மச்சான் அதை வாங்கி எடை பார்த்தார். "மடிப்பைப் பத்தியே பதினோரு பக்கமா?" என்று கேட்டுவிட்டு, அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, முக்காலியில் இருந்த டாக்டர் ஒன்றைக் கவனித்தார். பதினாலாம் எண்காரியைக் காலையிலிருந்து காணோம். ஆனால் பதினாலாம் எண் சீட்டு செருகிய அடுக்குகள் கிடங்குக்குப் போய்க்கொண்டே இருந்தன. பெரியக்காவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இடைவேளையில் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க."

"எங்கம்மா அவங்க?"

"அவ வீட்டுக்காரர் சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போச்சு. செவ்வாய்க்கு செவ்வாய் சிகிச்சைக்குத் தூக்கிட்டுப் போகணும். மாசத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல லீவு போட்டா வேலை போயிடும்னு சட்டம். செவ்வாய்க்கிழமை மாசத்துல நாலு வருது, நாங்க என்ன பண்றது? அவ வருகை அட்டையை நாங்க அடிக்கிறோம். அவ பங்கை நாலு பேர் பிரிச்சு மடிக்கிறோம். எனக்கு முடியாதப்ப அவ மடிப்பா. எல்லாருக்கும் ஒரு நாள் வரும். இதுக்கு முறைன்னு பேர். உங்க படிப்புல வேற ஏதாவது பேர் இருக்கும்."

இருந்தது. நாலு அசையில் ஒரு பெரிய சொல். அவர் சொல்லவில்லை.

"மேல தெரிஞ்சா அவளை மட்டும் இல்ல, அட்டை அடிச்ச எல்லாரையும் அனுப்பிடுவாங்க. முதல்ல அவதான் போவா."

"என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதும்மா."

"வாயைப் பத்தி எனக்குக் கவலையில்ல" என்றாள் பெரியக்கா, நோட்டைப் பார்த்து.

அன்று சாயங்காலமே டாக்டர் நோட்டில் பதினாலாம் எண்ணைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். மூன்று முறை விட வேண்டியிருந்தது, நல்ல காகிதம். மனம் லேசாயிற்று. அலுவலக மாடியில் மச்சானின் மேசையில், டீ வட்டத்துக்கு அடியில், பதினோரு பக்கம் கிடந்தது. அது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆறாவது வாரம் அறிக்கை எழுத அவருக்கு ஒரு கண்ணாடி அறை தந்தார்கள். மடிப்புப் பகுதிக்கு மேலே, நாலு பக்கமும் கண்ணாடி. கீழே இருக்கிற எல்லோருக்கும் அவர் தெரிவார். கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும். அவருடைய அட்டை தயாராகிக்கொண்டிருந்தது. அதுவரை உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரு மணியை அழுத்த வேண்டும். அலுவலக உதவியாளர் வந்து திறப்பார். கழுத்தில் எந்நேரமும் அட்டை தொங்குவதால் அவருக்குச் சாவி என்று பெயர். அவசரத்தில் அழுத்தினால் சாவி நிதானமாக வருவார். நிதானமாக அழுத்தினால் வரவே மாட்டார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மச்சான் அந்த அறைக்குள் வந்தார். கையில் டீ வட்டம் போட்ட அத்தியாயம்.

"மாப்பிள்ளை, உங்களை இவ்வளவு நாள் சாதாரணமா நினைச்சிட்டேன்."

"என்ன மச்சான்?"

"கீழே தினமும் நாற்பது அட்டை விழுது. சாப்பாட்டு அறையில முப்பத்தெட்டு தட்டுதான் கழுவ வருதுன்னு சமையல்காரர் சொல்றாரு. ஒரு மாசமா மண்டை காயுது. போய் எண்ணலாம்னா, முகமூடியும் தொப்பியுமா எல்லாரும் ஒரே மாதிரி, ஒரு இடத்துல நிக்கவும் மாட்டேங்குறாங்க. நேத்து சும்மா தூக்கம் வரட்டுமேன்னு இதை எடுத்தேன். நாலாவது பக்கத்துல தூக்கம் போயிடுச்சு." பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "'பதினான்காம் எண்ணுடையவர் தையலை அகத்தே மடக்கி...' அடுக்கைப் பார்த்தா யார் மடிச்சதுன்னு சொல்லலாம்னு எழுதியிருக்கீங்க. அப்ப பதினாலு சீட்டு போட்ட அடுக்குல வேற கை இருந்தா, பதினாலு அன்னிக்கு வரலை. சரியா?"

டாக்டர் அந்தப் பக்கத்தை எட்டி வாங்கப் பார்த்தார்.

"அந்த எண்ணெல்லாம்... அது ரகசியம் காக்கறதுக்காக மச்சான். பேரை நான் எங்கயுமே எழுதலை."

"பேர் எனக்கு எதுக்கு? நாற்பது பேர்ல ஒருத்தி பேர்கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதே எண்தான். அதுக்கேத்த மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் படிச்சவங்க."

"இதை இப்படிப் பயன்படுத்தறது ஆய்வு நெறிமுறைக்கு..."

"உங்க ஒப்பந்தத்துல ஒன்பதாவது பத்தி. நீங்க எழுதற, வரையற, கிறுக்கற எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம். கையெழுத்துப் போட்டீங்களே."

அடுத்தவருக்குக் கொடுக்கும் படிவங்களை ஆயிரம் முறை படித்திருந்த டாக்டர், தனக்குக் கொடுத்ததை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

"கிடங்குல எப்பவும் நாலு நாள் சரக்கு இருக்கும். வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. அவர் முன்னாடி இன்னைக்குத் தேதி போட்ட அடுக்கைப் பிரிச்சுக் காட்டறோம். நீங்க பக்கத்துல நின்னு இது யார் கை, அது யார் கைன்னு படிக்கணும். படிக்கத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தானே."

"நான் வரலைன்னா?"

"வராம எங்க போவீங்க? நம்ம மாடியிலதானே இருக்கீங்க" என்றார் மச்சான். மிரட்டலே இல்லை, முழுப் பிரியத்தோடு சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. போகும்போது திரும்பி, "அதுவரைக்கும் கீழே போகாதீங்க. உங்களுக்கு எல்லாம் முகத்துலயே தெரியும். சாவிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

டாக்டர் வழிகளை எண்ணிப் பார்த்தார். தொலைபேசியில் சொல்லலாம்; ஆனால் ஆய்வில் பங்கேற்பவரின் எண்ணை வாங்குவது தனியுரிமைக்கு எதிரானது என்று அவர் ஒருத்தியின் எண்ணையும் வாங்கவில்லை. வாசலில் நிற்கலாம், ஆனால் பெண்கள் பின்வாசலில் ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறார்கள். அவரை மச்சான் தன் காரில் கூட்டிவந்து, தன் காரிலேயே கூட்டிப்போகிறார். காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் காட்டலாம், ஆனால் அதைச் சூப்பர்வைசரும் படிப்பார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னையறியாமல் அவளுடைய கடைசி மடிப்பைக் கவனித்தார்.

"நான் அண்ணன்கிட்ட பேசவா?"

"பேசினா?"

"பேசினா அண்ணி பேசுவாங்க. அண்ணி பேசினா நாம வீடு தேடணும்." கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "தேடலாம்னு நீங்க சொன்னா தேடலாம். ஆனா நீங்க போயிட்டா அந்தப் பொம்பளைக்கு வேலை நிலைக்குமா?"

நிலைக்காது. காகிதம் இருக்கிறது. அவர் எழுதியது, நன்றாகவே எழுதியிருந்தார்; படங்களைப் பார்த்து மச்சானே படித்துவிடுவார்.

புதன்கிழமை காலை கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். கீழே நாற்பது தொப்பிகள். இன்று நாற்பதும் இருந்தன. மேசை ஓரத்தில், அத்தியாயத்துக்காக மாதிரி என்று எடுத்துவைத்த ஆறு விரிப்புகள் கிடந்தன. அவற்றையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஒன்றை உதறினார்.

கண்ணாடியை ஒட்டி நின்று பெரியக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் நிமிர்ந்ததும், விரிப்பை அவள் மடிக்கிற மாதிரியே மடித்தார்: தையல் வெளியே, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அவளை நோக்கி விரலை நீட்டினார். கீழே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்த விரிப்பை இடதுகையால் மடித்து இருபத்தேழாம் எண்காரியைக் காட்டினார். சிரிப்பு மேசைக்கு மேசை பரவியது. மேலே ஒரு மனுஷனுக்குப் படிப்பு முற்றி என்னவோ ஆகிவிட்டது என்று ஒருத்தி தன் நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினாள். டாக்டர் விடவில்லை. மூன்றாவது விரிப்பில் தையலை உள்ளே தள்ளி, இரண்டு மூலைகளையும் கட்டைவிரலால் நீவி, பதினாலாம் எண்காரியைக் காட்டினார். அப்புறம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் 14 என்று எழுதிய காகிதத்தை வைத்து, மச்சானின் அறைப் பக்கம் கைநீட்டி, தன் இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டினார்.

பெரியக்கா சிரிக்கவில்லை. தன் கையில் இருந்த விரிப்பைப் புரட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் விரிப்பை வாங்கிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையைத் தானே பார்ப்பவள் மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. மணி அடிக்காமலே சாவி வந்திருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பயன்பாட்டு மானிடவியல்."

"சரி சார். கண்ணாடியில கை படாம பண்ணுங்க, துடைக்கிறது நான்."

பெரியக்காவுக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வியாழக்கிழமை முழுக்க அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் எல்லா விரிப்பும் வெள்ளைச் சதுரம்தான். இவ்வளவு உயரத்தில் வைத்தால் மானிடவியல் வேலைக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். எதைக் காட்டினாலும் தலையாட்டுகிற, எதற்கு ஆட்டினார் என்று கூட வருபவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டிய மனிதர். கிடங்கில் நீள மேசை போட்டிருந்தது. மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிவியல் முறையில் ஒரு மோசடியைக் கண்டுபிடித்திருப்பதாகப் பத்து நிமிடம் பேசினார். "அறிவியல்" என்ற சொல் ஏழு முறை வந்தது. பெரியக்காவும் பதினாலாம் எண்காரியும் இன்னும் நாலு பேரும் சாட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்தார்கள். பதினாலாம் எண்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் தன் மேலாடையின் ஓரத்தைத் தானாக நீவிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமைத் தேதியிட்ட, பதினாலு சீட்டு போட்ட அடுக்கை மேசையில் வைத்தார்கள்.

"படிங்க டாக்டர்."

டாக்டர் முதல் விரிப்பைத் தூக்கினார். தையல் உள்ளே, மூலைகள் கூர்மை. இரண்டாவது, அதே. பத்தாவது, அதே. அந்த அடுக்கில் இருந்த இருபதும் பதினாலாம் எண்காரியின் கை. அவருக்கு மூச்சு திரும்பியது.

"சரி. இது ஒருவேளை... மூணாம் எண் கொண்டாங்க" என்றார் மச்சான்.

மூணாம் எண் வந்தது. தையல் உள்ளே, மூலைகள் கூர்மை. இருபத்தேழு வந்தது. இடதுகைக்காரியின் அடுக்கிலும் தையல் உள்ளே, மூலைகள் கூர்மை. பெரியக்காவின் அடுக்கும் அப்படியே. செவ்வாய், புதன், வியாழன் என்று கிடங்கில் இருந்த எந்த அடுக்கை எடுத்தாலும் ஒரே மடிப்பு. நாற்பது பேரும் இரண்டு நாள் இடைவேளையில் உட்காராமல் பழைய சரக்கைப் பிரித்து மடித்திருக்க வேண்டும். பெரியக்கா கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சானின் காது மடல் சிவந்தது. "மாப்பிள்ளை, என்ன இது? ஆளுக்கு ஒரு மடிப்புன்னு எழுதியிருக்கீங்களே."

இப்போது எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவருக்கு விளக்கம் தெரியும். மடிப்பின் இறுக்கம், நீவலின் ஆழம், கட்டைவிரல் விழுந்த இடம்: இந்தப் பொய்யான மடிப்புக்குள்ளும் நாற்பது கை இருப்பதை அவரால் ஒரு பார்வையில் சொல்ல முடியும். சொன்னால், உலகத்திலேயே அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர். அவருக்கு நாக்கு நமநமத்தது.

"நான் தப்பா எழுதிட்டேன் மச்சான்" என்றார். "எல்லாரும் ஒரே மாதிரிதான் மடிக்கிறாங்க. எனக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. வித்தியாசமே இல்லாத இடத்துல வித்தியாசம் தேடறது எங்க படிப்புல ஒரு வியாதி."

"பதினோரு பக்கம் எழுதினீங்களே."

"வியாதி முத்தினா அப்படித்தான்."

பெரியக்கா விளக்கிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஒரு முறை பார்த்தாள்.

முதலாளி கனைத்தார். ஒரு விரிப்பைக் கையில் எடுத்து மூலையைத் தடவினார்.

"நல்லா இருக்கே" என்றார். "பத்து வருஷமா நான் கேக்கறேன், எல்லாம் ஒரே மாதிரி மடிங்கன்னு. ஆளுக்கு ஒண்ணா இருக்கும். இவர் எப்ப வந்தார்?"

"ஆறு வாரம் ஆகுதுங்க" என்றார் மச்சான்.

"ஆறு வாரத்துல நாற்பது பேரைத் திருத்தியிருக்கார். இவரை விட்டுடாதீங்க. உலர்த்துற பகுதி, ஓட்டுநர்கள், எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்க. நிரந்தரமா போட்டுடுங்க."

மச்சான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் அவருடைய தகுதி. "அதுக்குத்தானேங்க இந்தக் கூட்டமே ஏற்பாடு பண்ணினேன்" என்றார்.

அன்றே பதினாலாம் எண்ணின் மடிப்பு அதிகாரபூர்வமான மடிப்பாயிற்று. டாக்டர் அத்தியாயத்துக்காக வரைந்த படத்தைப் பெரிதாக்கி மடிப்புப் பகுதியின் சுவரில் ஒட்டினார்கள். சாயங்காலம் சாவியிடம் கெஞ்சிக் கூத்தாடி டாக்டர் கீழே இறங்கினார். பெரியக்கா படத்துக்கு எதிரே நின்றிருந்தாள்.

"வரைஞ்சது நல்லா இருக்கு. ஒரு விரிப்புக்கு ரெண்டு நொடி அதிகம் ஆகுது, தெரியுமா? அவ மடிப்பு வக்கணையான மடிப்பு. இனிமே நாற்பது பேரும் கிடந்து நீவணும்."

"என்னாலதாம்மா."

"பின்ன யாரால? ஆனா யார் வந்தா யார் வரலைன்னு இனி எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. தட்டுக் கணக்கையும் பார்த்துக்கறோம், சமையல்காரர் சம்சாரம் எங்க இருபத்தேழுக்கு நாத்தனார்." குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல..."

"எது உங்க அடுக்குன்னு கேளுங்க."

அவள் மேசையில் இருந்த நாலு அடுக்கைக் காட்டினாள். அவர் மூன்றாவதைத் தொட்டார். அவள் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த அடுக்கை எடுத்து மற்ற அடுக்குகளோடு கலந்தாள்.

"நீங்க மேலேயே இருங்க" என்றாள். "அதுதான் நல்லது."

அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணாடி அறையில் அவருக்குப் புதிய நோட்டு வந்திருந்தது. ஓட்டுநர்கள் பகுதியை எப்போது தொடங்குவது என்று மச்சான் காரில் கேட்டிருந்தார். மனைவி காலையில் பார்த்து வைத்திருந்த இரண்டு வாடகை வீட்டு விளம்பரங்கள் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தன. ஆனால் அவர் போய்விட்டால் இந்த அறையில் வேறொருவர் வந்து உட்காருவார். இந்தப் படிப்பு படித்தவர்கள் ஊரில் நிறையப் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். நன்றாக நடத்தினார். நன்றாகப் பார்ப்பார்கள்.

கீழே தொப்பிகளை எண்ணினார். முப்பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினார். நோட்டைத் திறந்து, தேதி போட்டு, நாற்பது என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.

பிறகு வெளியே போக வேண்டியிருந்தது. மணியை அழுத்தினார். நிதானமாக அழுத்திவிட்டோமோ என்று தோன்றியது. கீழே இரண்டு பேர் தலை நிமிர்த்தி அவரைப் பார்த்து, தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, மறுபடி மூலைகளை நீவத் தொடங்கினார்கள். அவர் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.